லாஞ்சு எஞ்சின் மீட்டர்கள்: முள் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் விசைப்படகுகளுக்கு, அதாவது லாஞ்சுகளுக்கு, வயரிங் வேலை பார்க்கிறேன். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. "மீட்டர் போச்சுண்ணே, புதுசா ஒண்ணு மாட்டிடுங்க" என்றுதான் டிரைவர்கள் வந்து நிற்பார்கள். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் மீட்டர் நன்றாகவே இருக்கும். எஞ்சினில் திருகியிருக்கும் சென்சாரிலிருந்து, சுக்கான் பிடிக்கும் அறையான வீல்ஹவுஸ் வரை ஒரு வயர் வருகிறது. அந்த வழியில் எங்கே உப்பு ஏறினாலும் முள் உப்பின் கதையைத்தான் சொல்லும், எஞ்சினின் கதையை அல்ல. அதனால் புது மீட்டருக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால், கையில் ஒரு மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில் கோளாறு ஒரு முள்ளில் மட்டுமா, எல்லாவற்றிலுமா என்று பாருங்கள். எல்லா முள்ளும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் ஃபியூஸ், சாவி, அல்லது மீட்டர் பலகைக்குப் பின்னால் இருக்கும் பொது எர்த். ஒரே ஒரு முள் மட்டும் முரண்டு பிடித்தால் அந்த மீட்டரின் வயர் அல்லது சென்சார். இன்னொரு வகையும் உண்டு: வீல்ஹவுஸ் லைட்டைப் போட்டால் டெம்பரேச்சர் ஏறும், அணைத்தால் இறங்கும். லைட்டுக்கும் எஞ்சின் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்? எர்த் சரியில்லை, அவ்வளவுதான். மரப் படகிலும் ஃபைபர் படகிலும் லாரி மாதிரி 'பாடி எர்த்' கிடையாது. எல்லாக் கரண்டும் வயர் வழியாகத்தான் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்ப வேண்டும்.

எர்த்தைச் சோதிக்க மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறு முனை மீட்டரின் எர்த் திருகில். சாவியையும் எல்லா லைட்டையும் போட்டுவிட்டுப் பாருங்கள். 0.1, 0.2 வோல்ட் காட்டினால் போதும். போன சீசனில் ஒரு படகில் 1.8 காட்டியது. மூன்று மீட்டர் மாற்றியிருந்தார்கள். எர்த் வயரின் நுனியில் திருகில் மாட்டும் வளையத்தை, அதாவது லக்கைப் பிரித்தேன். உள்ளே செம்பு முழுக்கக் களிம்பு ஏறி, இழுத்ததும் பச்சைப் பொடியாகக் கையில் வந்தது. வெளியே பார்த்தால் பளபளவென்று புது டேப் சுற்றியிருக்கிறது!

எர்த் சரி என்றால் அடுத்தது சென்சார் வயர். டெம்பரேச்சர் சென்சாரிலிருந்து வயரைக் கழற்றுங்கள், சாவி போட்டபடி. முள் குளிர்ந்த பக்கம் போக வேண்டும். அந்த வயரை எஞ்சின் இரும்பில் ஒரு நொடி தொடுங்கள். முள் சூட்டுப் பக்கக் கடைசிக்கு ஓட வேண்டும். ஓடினால் மீட்டரும் வயரும் நல்லவை, குற்றவாளி சென்சார். ஓடாவிட்டால் இதே சோதனையை வீல்ஹவுஸில் மீட்டரின் பின்பக்கமே செய்து பாருங்கள். அங்கே ஓடினால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. ஒரு நொடி என்றால் ஒரு நொடிதான், பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள்.

ஆயில் மீட்டரில் ஒரு சிக்கல் இருக்கிறது. சந்தையில் இரண்டு வகை ஓடுகிறது. ஐரோப்பிய வகைச் சென்சார் அழுத்தமே இல்லாதபோது 10 ஓம் மின்தடை காட்டும், அழுத்தம் ஏற ஏற 180 பக்கம் போகும். அமெரிக்க வகை தலைகீழ்: 240இல் தொடங்கி 33க்கு இறங்கும். அதனால் வயரைக் கழற்றினால் முதல் வகையில் முள் உச்சிக்குப் போகும், இரண்டாவதில் பூஜ்யத்துக்கு வரும். தொட்டால் நேரெதிர். கடையில் 'எது இருக்கோ அதைக் கொடு' என்று ஒரு வகை மீட்டரும் மறு வகைச் சென்சாரும் வாங்கி மாட்டினால், எஞ்சின் நிற்கும்போது அழுத்தம் காட்டும், ஓடும்போது விழும். இதைப் பார்த்துப் பயந்து எஞ்சினைப் பிரித்தவர்களும் உண்டு.

மீட்டரின் பின்னால் உள்ள எழுத்திலும் இதே பொறி. அமெரிக்க வகையில் 'ஐ' சாவி கரண்ட், 'எஸ்' சென்சார், 'ஜி' எர்த். விடிஓ கம்பெனி மீட்டர் போன்ற ஜெர்மன் வகையில் கூட்டல், கழித்தல் குறிகளும் ஒரு 'ஜி'யும் இருக்கும். அந்த 'ஜி' எர்த் அல்ல, சென்சார். ஜெர்மன் மொழியில் சென்சாருக்கு 'கேபர்' என்று பெயராம். இந்த ஒரு எழுத்தால் நான் ஆரம்ப காலத்தில் ஒரு மத்தியானம் முழுக்க வீணடித்தேன்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனமும் செய்திருக்கிறேன். ஆயில் ஒழுகுகிறது என்று சென்சார் மரையில் வெள்ளை டேப்பை நன்றாகச் சுற்றி இறுக்கினேன். ஒழுகல் நின்றது, முள்ளும் நின்றது. ஒற்றை வயர் சென்சாருக்கு அந்த மரைதான் எர்த். டேப் அதை எஞ்சினிலிருந்து பிரித்துவிட்டது. இப்போதெல்லாம் மரையில் சீலண்ட் ஒரு சொட்டு மட்டும் தடவுகிறேன். இறுக்கிய பிறகு சென்சார் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் ஓம் பார்த்து, ஒன்றுக்கும் கீழே இருந்தால்தான் கையைத் துடைப்பேன்.

டெம்பரேச்சர் சென்சார் சந்தேகமா? படகில் அடுப்பு இருக்கிறதல்லவா. சென்சாரைக் கழற்றி, உடம்பிலிருந்து ஒரு வயரை எர்த்துக்கும் தலையிலிருந்து ஒன்றை மீட்டருக்கும் கொடுத்து, டீ கெட்டிலில் நுனி மட்டும் முங்கத் தொங்கவிடுங்கள். நாம் கடல் மட்டத்தில் நிற்கிறோம், தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும். முள்ளும் 100க்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். 80இலேயே நின்றால் சென்சாரை மாற்றுங்கள். கெட்டிலை டீக்குத் திரும்பக் கொடுக்காதீர்கள், சமையல்காரர் சும்மா விடமாட்டார்.

இனி, முள் அமைதியாக இருப்பதை நம்பி ஏமாந்த கதை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாஞ்சை இன்னொரு லாஞ்சு இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்து போயிருந்தது. டிரைவர் சத்தியம் பண்ணினார்: "அண்ணே, டெம்பரேச்சர் அறுபதைத் தாண்டவே இல்ல." அவர் பொய் சொல்லவில்லை. ஹோஸ் வெடித்து எஞ்சினைக் குளிர்விக்கும் நன்னீர் எல்லாம் படகின் அடிப்பள்ளமான பில்ஜில் கொட்டிவிட்டது. சென்சார் நுனியில் தண்ணீர் பட்டால்தான் அதற்குச் சூடு ஒழுங்காகத் தெரியும். தண்ணீர் இல்லாத இடத்தில் வெறும் காற்றில் நின்றுகொண்டு அது 60 என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நன்னீர் கூலிங் உள்ள டீசல் எஞ்சின் லோடில் ஓடும்போது 75க்கும் 90க்கும் நடுவில் நிற்பதுதான் வழக்கம். வலை இழுக்கும்போது முள் திடீரென்று கீழே இறங்கினால் சந்தோஷப்படாமல், எஞ்சின் ரூமுக்கு இறங்கிப் பாருங்கள். ஒரு இன்ஃப்ராரெட் துப்பாக்கி வைத்துக்கொள்வது நல்லது. தெர்மோஸ்டாட் மூடிமேல் கருப்பு பெயிண்ட் ஒரு பொட்டு வைத்து அதன் மேல் பிடியுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும்.

ஆயில் முள் விழுந்தால் மட்டும் ஆராய்ச்சி எல்லாம் அப்புறம். உடனே எஞ்சினை நிறுத்துங்கள். டிப்ஸ்டிக் பாருங்கள். ஆயில் இருக்கிறது என்றால் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜைத் திருகி, ஸ்டார்ட் செய்து ஒப்பிடுங்கள். படகு உருளும்போது முள் மெதுவாக விழுந்து எழுந்தால் ஆயில் குறைவு; பம்ப் காற்றை இழுக்கிறது. முள் படபடவென்று துடித்தால் லூஸ் வயர்.

ஆர்பிஎம் மீட்டர் பல படகுகளில் ஆல்டர்னேட்டரின் 'டபிள்யூ' டெர்மினலிலிருந்து எடுக்கப்படுகிறது. பெல்ட் வழுக்கினால் ஆர்பிஎம்மும் குறையும், சார்ஜும் குறையும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் பெல்ட்டைப் பாருங்கள். 24 வோல்ட் படகில் எஞ்சின் ஓடும்போது வோல்ட் மீட்டர் 27.5க்கும் 28.5க்கும் இடையில் நிற்க வேண்டும். 25இல் நின்றால் சார்ஜ் இல்லை. 30ஐத் தொட்டால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி கொதிக்கும். டீசல் மீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நான் நம்புவது டாங்கில் விட்டுப் பார்க்கும் குச்சியைத்தான்.

பராமரிப்புக்கு நமக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. ஜூன் இரண்டாம் வாரம் எல்லோரும் ஒரே நாளில் என்னைக் கூப்பிடுவதைவிட மே மாதமே தொடங்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பலகையின் பின்பக்கத்தை போனில் போட்டோ எடுங்கள். பிறகு ஒவ்வொரு லக்காகக் கழற்றி, பித்தளைப் பிரஷால் தேய்த்து, இறுக்கி, அதன்மேல் வாஸ்லைன் தடவுங்கள். தடவிவிட்டு இறுக்காதீர்கள், இறுக்கிவிட்டுத் தடவுங்கள். புது வயர் போட்டால் வெள்ளீயம் பூசிய செம்பு, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்ட லக். மீட்டருக்கு வரும் வயர் தொட்டில் போல ஒரு தொங்கல் தொங்கட்டும், அதில் வழியும் தண்ணீர் டெர்மினலுக்குப் போகாமல் கீழே சொட்டிவிடும். மீட்டர் ஓரத்துக்கு சிலிகான் வைத்தால் வினிகர் வாசம் அடிக்கிற வகை வேண்டாம், அந்த அமிலம் செம்பைத் தின்னும். துறைமுகத்தில் நிற்கும்போது பலகைமேல் ஒரு பழைய லுங்கியைப் போட்டு மூடினாலே கண்ணாடி மங்காது.

எல்லாம் சரியான பிறகு, முதல் தடவை கடலுக்குப் போகும்போது எஞ்சின் நன்றாகச் சூடாகி, வழக்கமாக வலை இழுக்கும் ஆர்பிஎம்மில் ஓடட்டும். ஒவ்வொரு முள்ளும் நிற்கிற இடத்தில் கண்ணாடியின் மேல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு சின்னக் கோடு போட்டுவிடுங்கள். இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் சுக்கான் பிடிக்கிற பையனுக்கு எண் படிக்க வேண்டியதில்லை. முள் கோட்டை விட்டு நகர்ந்தால் டிரைவரை எழுப்பினால் போதும்.