புண் ஆறவிடாமல் நாமே செய்யும் தவறுகள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் அரிவாள் கையைக் கிழித்தால் அங்கே அப்புவது காப்பித்தூள். சேலத்தில் கொலுசுப் பட்டறையில் தீ சுட்டுவிட்டால் பற்பசை. வீட்டில் என்றால் மஞ்சள்தூள். ரத்தம் நிற்க இவை எதுவும் வேண்டியதில்லை. சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலான சிறு காயங்களில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஃபைப்ரின் என்ற புரதத்தின் இழைகள் வலை பின்னிக் கசிவை அடைத்துவிடும். அடுத்து வெள்ளையணுக்கள் வந்து கிருமியையும் செத்த செல்களையும் தின்று இடத்தைச் சுத்தம் செய்யும். நாம் தூளைக் கொட்டினால் அந்தக் குப்பையும் அவற்றின் தலையில்தான் விழும். மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு, சரி. ஆனால் அஞ்சறைப்பெட்டி மஞ்சள் கிருமி நீக்கிய மருந்தல்ல.

தீக்காயத்துக்கு 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். ஐஸ் வேண்டாம். மண், சாணி பட்ட காயமென்றால் டெட்டனஸ் ஊசி பற்றி அன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள்.

தினமும் ஸ்பிரிட்டோ, நுரைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடோ ஊற்றுவதும் தவறுதான். அது கிருமியைக் கொல்லும்போது, புதிதாக வளர்கிற செல்களையும் சேர்த்தே கொல்கிறது. சிறு காயத்தைக் கழுவச் சுத்தமான தண்ணீரே போதும்.

“காத்தாட விடு, பொருக்குத் தட்டட்டும்” என்பார்கள். 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் செய்த சோதனை இதற்கு நேர்மாறாகச் சொன்னது: மூடி ஈரமாக வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. தோல் செல்கள் காயத்தின் ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்துதான் நடுவில் சேர வேண்டும். ஈரத்தில் அவை எளிதாக ஊரும். காய்ந்த பொருக்கு இருந்தால் அதற்கு அடியில் வழி குடைந்துகொண்டு போக வேண்டும். அந்தப் பொருக்கை நகத்தால் பிய்த்தால் புதுத்தோலும் கூடவே வந்துவிடும்.

எல்லாவற்றிலும் மோசமானது பத்தியம் என்பேன். தையல் போட்டாலே முட்டை, மீன், கறி, சில வீடுகளில் பருப்பும்கூட நிறுத்திவிடுகிறார்கள், “சீழ் பிடிக்கும்” என்று. சீழ் சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. கிருமியோடு மோதிச் செத்த வெள்ளையணுக்கள்தான் சீழில் பெரும்பங்கு. காயத்தை நிரப்பும் புதுத்திசுவுக்குப் பலம் கொடுப்பது கொலாஜன் என்ற புரதம். ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் அதை நாம் தின்னும் புரதத்திலிருந்து கிடைக்கும் அமினோ அமிலங்களைக் கொண்டே கட்டுகின்றன. ரசமும் சோறும் மட்டும் ஊட்டினால் எதை வைத்துக் கட்டும்? கொலாஜன் இழைகள் உறுதியாக முறுக்கிக்கொள்ள வைட்டமின் சி-யும் வேண்டும். அது அடியோடு கிடைக்காத பழங்காலக் கடற்பயணங்களில் மாலுமிகளுக்கு எப்போதோ ஆறிய தழும்புகளே மறுபடி திறந்துகொண்டன. ஆகவே முட்டையும் சுண்டலும் கொடுங்கள், கூடவே நெல்லிக்காய், கொய்யா, கிடைத்தால் ஏற்காட்டு ஆரஞ்சு. சிறுநீரக நோயாளிகளும் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களும் மட்டும் டாக்டர் சொன்னபடி சாப்பிட வேண்டும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு வெள்ளையணுக்களின் வேலையே மந்தமாகும். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதுகூடத் தெரியாது. தினமும் பாதத்தைப் பாருங்கள். பீடி சிகரெட் ரத்தக்குழாயைச் சுருக்கிக் காயத்துக்கு ஆக்சிஜன் போவதைக் குறைக்கும்.

கடைசித் தவறு, மேலே தோல் மூடியதும் ஆறிவிட்டது என்று நினைப்பது. உள்ளே கொலாஜன் அடுக்கு மாறி அமைய மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். மூன்று வாரத்தில் அந்த இடத்துக்கு இருப்பது பழைய தோலின் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். எவ்வளவு காலம் போனாலும் 80 சதவீதத்தைத் தாண்டாது. சேலம் லீ பஜார் சந்தையில் மூட்டை தூக்குகிறவர் தையல் பிரித்த கையோடு வேலைக்குக் கிளம்பக் கூடாது. எத்தனை வாரம் கழித்து, எவ்வளவு எடை என்று பிரிக்கிற அன்றே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.