மாருதி 800-க்கு மூன்று மீட்டர்: நீங்களே மாட்டும் முறை

கார்புரேட்டர் மாருதி 800-ன் டேஷ்போர்டு இன்ஜினைப் பற்றி மிகக் கொஞ்சமாகத்தான் சொல்லும். டெம்பரேச்சருக்கு ஒரு முள். ஒரு பக்கம் சி, மறுபக்கம் ஹெச், இடையில் எண்ணே கிடையாது. ஆயிலுக்கு ஒரு சிவப்பு விளக்கு, சார்ஜிங்குக்கு இன்னொன்று. புது வண்டிக்கு இது போதும். முப்பது வருஷம் ஓடிய வண்டிக்குப் போதாது. ஆயில் விளக்கை எரியவைக்கும் சுவிட்ச் பொதுவாக அழுத்தம் 0.3 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) பக்கம் இறங்கின பிறகுதான் வேலை செய்யும். நெடுஞ்சாலை வேகத்தில் 3 பார் இருக்கவேண்டிய இடத்தில் 1 பார்தான் இருக்கிறது என்றாலும் விளக்கு அணைந்தே இருக்கும். பேரிங் தேய்வது வெளியே தெரியாது.

நான் கோயமுத்தூர்க்காரன். ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்தவன். பிரஷர் கேஜ் கழன்ற கம்ப்ரசரை ஓட்ட எங்கள் ஷிப்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்பா வாங்கிய 96 மாடல் 800-க்கும் அதே மரியாதை வேண்டும் என்று நினைத்து மாட்டியவைதான் இந்த மூன்று மீட்டர்களும்: தண்ணீர் டெம்பரேச்சர், ஆயில் பிரஷர், வோல்ட். ஆம்னி, ஜிப்சி, பழைய ஜென் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறை பெரும்பாலும் பொருந்தும்.

"வண்டியின் சாக்கெட்டில் சொருகும் ப்ளூடூத் டாங்கிள் ஒன்று வாங்கி போனில் பார்த்தால் போதாதா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கார்புரேட்டர் வண்டியில் படிப்பதற்கு கம்ப்யூட்டரே இல்லை. கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டியிலும், கோளாறை வண்டியே கண்டுபிடித்துச் சொல்லும் ஓபிடி 2010 ஏப்ரலில் கட்டாயமாவதற்கு முந்தைய மாடல் என்றால், சாக்கெட் இருந்தாலும் மலிவான டாங்கிள் அதோடு பேசும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள். நண்பர் யாரிடமாவது இரவல் வாங்கிச் சொருகிப் பாருங்கள். பேசினால் சந்தோஷம். அப்போதும் ஆயில் பிரஷர் அதில் வராது. அந்த இன்ஜின்களில் அதற்கு சென்சாரே கிடையாது, வெறும் சுவிட்ச்தான்.

வாங்கும்போது மீட்டரும் சென்டரும் (sender, இன்ஜினில் திருகி மீட்டருக்கு சிக்னல் அனுப்பும் பாகம்) ஒரே செட்டாக, ஒரே டப்பாவில் வாங்குங்கள். விடிஓ என்ற கம்பெனி வகை பிரஷர் சென்டர் அழுத்தம் ஏற ஏற 10 ஓமிலிருந்து 180 ஓம் வரை போகும். அமெரிக்க வகை 240-ல் தொடங்கி 33-க்கு இறங்கும். ஒன்றின் மீட்டரை இன்னொன்றின் சென்டரோடு சேர்த்தால் முள் ஆடத்தான் செய்யும், ஆனால் காட்டுவது அத்தனையும் பொய். புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ பழைய மீட்டர் அழகாகக் கிடைக்கும். சென்டர் இல்லாமல் வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆயிலையே மெல்லிய குழாயில் டேஷ்போர்டு வரைக்கும் கொண்டுவரும் மெக்கானிக்கல் மீட்டரும் வேண்டாம். குழாய் விட்டால் சூடான ஆயில் கால்மேல் கொட்டும்.

வண்டியில் ஏற்றும் முன்னால் டெம்பரேச்சர் செட்டை அடுப்பில் சோதித்துவிடுங்கள். மீட்டருக்கு 12 வோல்ட் பேட்டரி, சென்டரின் உடம்பிலிருந்து பேட்டரி நெகடிவுக்கு ஒரு வயர், சிக்னல் வயர் மீட்டருக்கு. சென்டரின் முனை மட்டும் கொதிக்கிற தண்ணீரில் இறங்கட்டும். டெர்மினல் நனையக் கூடாது. கோயமுத்தூர் கடல்மட்டத்துக்கு 400 மீட்டர் சொச்சம் மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 98.5 பக்கத்திலேயே கொதித்துவிடும். சென்னையில் 100. இரண்டு டிகிரி இப்படி அப்படி இருந்தால் பரவாயில்லை. ஆறு, ஏழு என்று போனால் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

இனி ஆயில் பிரஷர். மூன்றில் கை நோகும் வேலை இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். இன்ஜின் பிளாக்கில் ஒற்றை வயரோடு திருகியிருக்கும் சின்ன சுவிட்ச்தான் நமக்கு வேண்டிய இடம். சந்தேகம் என்றால் சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், அந்த வயரைக் கழற்றுங்கள். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையவேண்டும். வயர் முனையை பிளாக்கில் தொட்டால் மறுபடி எரியவேண்டும். இரண்டும் நடந்தால் அதுதான்.

அந்த ஓட்டையின் மரை ஜப்பான் வழக்கப்படி 1/8 பிஎஸ்பிடி என்ற பிரிட்டிஷ் அளவு. கடையில் கிடைக்கும் சென்டர்களில் பலவும் 1/8 என்பிடி என்ற அமெரிக்க அளவு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பிஎஸ்பிடியில் அங்குலத்துக்கு 28 மரை, என்பிடியில் 27. மரையின் கோணமும் 55, 60 டிகிரி என்று வேறு. தவறான சென்டரைத் திருகினால் கையாலேயே ஒன்றிரண்டு சுற்று நன்றாகப் போகும், அப்புறம் சட்டென்று கெட்டிப்படும். அந்த இடத்தில் விரல் சொல்வதைக் கேளுங்கள், ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஸ்பேனர் போட்டால் உள்ளே போய்விடும். போகும்போது பிளாக்கின் மரையையும் சீவிக்கொண்டு போகும். பழைய சுவிட்சைக் கையோடு எடுத்துப்போய், லேத்துக்காரரிடம் மரை கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லி, ஒரு பக்கம் பிஎஸ்பிடியும் மறுபக்கம் உங்கள் சென்டரின் மரையும் உள்ள பித்தளை அடாப்டர் ஒன்றைச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்பெனி விளக்கைத் துறக்காதீர்கள். மீட்டரை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சிவப்பு விளக்கு தானாகக் கண்ணில் படும். ஆகவே டி-ஜாயின்ட் போட்டு இரண்டையும் வைத்துக்கொள்ளவேண்டும். ஆனால் பித்தளை டி-யின் முனையில் கனமான சென்டரை பிளாக்கிலிருந்து அப்படியே தொங்கவிட்டால், மூன்று சிலிண்டர் இன்ஜின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஆடுகிற ஆட்டத்துக்கு மரையின் கழுத்தில் விரிசல் விழும். விழுந்தால் ஆயில் முழுக்க வெளியே. ஸ்டீல் பின்னல் போட்ட ஒரு முழ ஹோஸ் வாங்கி, பிளாக்கிலிருந்து ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) பக்கம் கொண்டுவந்து, டி-யையும் சுவிட்சையும் சென்டரையும் அங்கே ஒரு கிளாம்பில் பாடியோடு பிடித்துவிடுங்கள். அப்படிச் செய்தால் இன்ஜின் வழியாக எர்த் கிடைக்காது. கிளாம்பிலிருந்து தனியாக ஒரு எர்த் வயர் போடவேண்டும், பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் தெரிந்த இடத்தில். மரைக்கு டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றிப் போடாதீர்கள். சென்டரின் எர்த் அந்த மரை வழியாகத்தான் போகிறது. திரவ சீலன்ட் மெல்லிசாக, முதல் மரையை விட்டுவிட்டுத் தடவினால் போதும். முடித்ததும் ஸ்டார்ட் செய்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஜாயின்ட்டைச் சுற்றி வெள்ளைத் துணியால் ஒத்தி எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் துணியில் தெரியும்.

டெம்பரேச்சர் இதோடு ஒப்பிட்டால் சுலபம். ரேடியேட்டரின் மேல் ஹோஸை நடுவில் வெட்டி அலுமினிய அடாப்டர் சொருகி, அதில் சென்டரைத் திருகவேண்டும். ஹோஸின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து அதற்கேற்ற அடாப்டர் வாங்குங்கள். இன்ஜின் முழுக்க ஆறின பிறகு மட்டும் வெட்டுங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் என்பதால் அடாப்டருக்கும் தனி எர்த் வேண்டும். அது இல்லாமல்தான் பலருடைய மீட்டர் செத்துக் கிடக்கிறது. கூலன்ட் நிரப்பி, மூடியைத் திறந்தபடி ஐடிலில் விட்டு, காற்றுக் குமிழி அடங்கும்வரை காத்திருங்கள். சென்டர் தண்ணீரில் முங்கியிருக்கவேண்டும். தண்ணீர் வற்றி சென்டர் வெறும் ஆவியில் நின்றால் எண் குறைவாகக் காட்டும். ஓடும்போது டெம்பரேச்சர் காரணமே இல்லாமல் திடீரென்று இறங்கினால் அது நல்ல செய்தி அல்ல, உடனே ஓரங்கட்டுங்கள்.

வோல்ட் மீட்டருக்கு இரண்டே வயர். ஆம்பியர் மீட்டர் வேண்டாம். வண்டியின் மொத்தக் கரண்டையும் கேபினுக்குள் இழுத்துவரவேண்டியிருக்கும். மூன்று மீட்டருக்கும் பவரை இக்னிஷன் சுவிட்சிலிருந்து நேரடியாக எடுக்காதீர்கள். பழைய சுவிட்சின் தேய்ந்த கான்டாக்ட்டில் அரை வோல்ட் சாதாரணமாகக் காணாமல் போகும். பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒரு ரிலே, அந்த ரிலேயை இயக்க மட்டும் இக்னிஷன் வயர், அவ்வளவுதான். வயர்கள் ஃபயர்வாலைத் தாண்டும் இடத்தில் ரப்பர் குரோமெட் இல்லாவிட்டால் தகடு இன்சுலேஷனை அறுத்துவிடும். சென்டர் வயர்களை இக்னிஷன் காயில், பிளக் வயர் பக்கம் கொண்டுபோகவேண்டாம், எண்கள் குதிக்கும்.

இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டேக்கோமீட்டரும் போட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சிக்னலை இக்னிஷன் காயிலின் நெகடிவிலிருந்து எடுக்கவேண்டும். சந்தையில் வருபவை பெரும்பாலும் 4, 6, 8 சிலிண்டருக்கானவை. 4-ல் வைத்தால் நம் மூன்று சிலிண்டர் நிஜமாக 3000 சுற்றும்போது அது 2250 என்று காட்டும். 6-ல் வைத்துவிட்டு, காட்டுவதை இரண்டால் பெருக்கிக்கொள்வது சுலபம்.

மீட்டர்களை எங்கே வைப்பது என்பது உங்கள் விருப்பம், சாலையை மறைக்காமல் இருந்தால் சரி. இரவில் டிஜிட்டல் எண்கள் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும். மங்கச் செய்யும் வயர் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கி, அதை பார்க் லைட்டோடு சேருங்கள்.

மாட்டியதோடு வேலை முடியாது. உங்கள் வண்டிக்கு எது சாதாரணம் என்று கற்றுக்கொண்டால்தான் மீட்டருக்கு அர்த்தம். ஒரு மாசம் ஓட்டி, சன்வைசருக்குப் பின்னால் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள்: காலையில் குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஆயில் பிரஷர், அரை மணி ஓட்டின பிறகு ஐடிலில் எவ்வளவு, 60 கிலோமீட்டர் வேகத்தில் எவ்வளவு, ஃபேன் எந்த டிகிரியில் ஆன் ஆகிறது, எதில் நிற்கிறது. ஆயில் பிரஷருக்குப் பொதுக் கணக்கு ஒன்று உண்டு: சூடான இன்ஜினில் ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார். ஆனால் அந்தக் கணக்கைவிட உங்கள் காகிதம்தான் பெரிது. போன மாசம் சூடான ஐடிலில் 1.2 இருந்தது இன்று 0.8 என்றால், டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால் ஃபியூயல் பம்ப் டயஃப்ராம் கிழிந்து ஆயிலில் கலக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

வோல்ட்டில், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை நல்லது. ஹெட்லைட், வைப்பர், ப்ளோயர் எல்லாம் போட்டு ஐடிலில் 13-க்குக் கீழே போனால் முதலில் பெல்ட், அடுத்து எர்த் வயர். 15 தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி கொதிக்கும்.

டெம்பரேச்சரில் நம் ஊர் வண்டிகளுக்கே உரிய ஒரு வியாதி தெரியவரும். தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) பிடுங்கிப்போட்டுவிட்டு "இனி சூடே ஆகாது சார்" என்று சொல்லும் பழக்கம் இன்னும் பல ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டி வால்பாறையிலிருந்து இறங்கும்போது 60-ஐக்கூடத் தொடாது. குளிர்ந்த இன்ஜின் பெட்ரோலையும் குடிக்கும், சிலிண்டரையும் தேய்க்கும். புது தெர்மோஸ்டாட் போடுங்கள். திறக்கும் டிகிரி அதன்மேலேயே பொறித்திருக்கும், மீட்டரில் அந்த எண்ணை ஒட்டித்தான் டெம்பரேச்சர் நிற்கவேண்டும்.

ஏறும்போது கதை வேறு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஏசி போட்டு நாலு பேரோடு ஏறினால் எண் மெதுவாக மேலே போவது தெரியும். 100-ல் ஏசியை அணைத்துவிடுவது என் வழக்கம். 105 என்றால் ஹீட்டரை முழுசாகத் திறந்து ப்ளோயரை வேகமாக வைத்து, இடம் கிடைத்ததும் நிறுத்தி, இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். அணைத்தால் தண்ணீர் ஓட்டம் நின்று அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் சூடு இன்னும் ஏறும். எண் இறங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ ஆவி கிளம்பினாலோ மட்டும் உடனே அணையுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடவே கூடாது.

முதல் மலைப் பயணம் முடிந்து வண்டி ஆறினதும் ஹோஸ் கிளிப்புகளை ஒருமுறை இறுக்கிவிடுங்கள். சூட்டில் ரப்பர் கொஞ்சம் அமர்ந்திருக்கும். ஆயில் ஜாயின்ட்டையும் அதே வெள்ளைத் துணியால் இன்னொரு தடவை ஒத்திப் பாருங்கள்.