டிரைவ் வாங்க முன்னம் மோட்டர் தகட்டைப் பாருங்கள்

மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. என்ற டிரைவ் வாங்கும்போது எச்.பி.யைச் சொல்லாதீர்கள், தகட்டில் உள்ள அம்பியரைச் சொல்லுங்கள். அதோடு, தகட்டில் 230/400 வோல்ட் என்று இருந்தால் சிங்கிள் பேஸ் லைனில் ஓடும் 230 வோல்ட் டிரைவே போதும். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் மூன்று பேஸ் லைன் வராத வளவுகளில் சின்ன அரிசி ஆலை போடுபவர்களுக்கு இது பெரிய செலவை மிச்சப்படுத்தும்.

அந்த டிரைவ் மூன்று பேஸ் தரும், ஆனால் 230 வோல்ட்டுக்கு மேல் தராது. அதனால் மோட்டரை 230 வோல்ட்டுக்கான ‘டெல்டா’ இணைப்புக்கு மாற்ற வேண்டும். மின்சாரத்தை நிற்பாட்டி இணைப்புப் பெட்டியைத் திறந்தால் ஆறு முனைகள் இருக்கும். மூன்றைக் குறுக்கே இணைத்திருக்கும் பித்தளைத் துண்டுகளைக் கழற்றி, மேலும் கீழுமாக மூன்று சோடியாகப் பூட்டுங்கள். பழக்கமில்லை என்றால் மின் வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். டெல்டாவில் அம்பியர் 1.73 மடங்காகும். தகட்டில் 8.3/4.8 அம்பியர் என்று இருந்தால் 8.3 தான் கணக்கு; 4.8ஐப் பார்த்து வாங்கிய டிரைவ் பாரம் ஏறியதும் நின்றுவிடும்.

நெல் ஏற்றும் எலிவேற்றர் தொடங்கும்போதே இழுக்கும், ஆகவே டிரைவின் ‘ஹெவி டியூட்டி’ (பாரமான வேலைக்கான) அம்பியரைப் பாருங்கள். கிணற்றுப் பம்பிக்குச் சாதாரண அளவு காணும்.

400/690 என்று தகடு உள்ள மோட்டருக்கு இது சரிவராது. கெப்பாசிற்றர் பூட்டிய சிங்கிள் பேஸ் மோட்டருக்கும் இப்படி டிரைவ் கொடுக்கவே கூடாது. சிங்கிள் பேஸ் டிரைவ்கள் பெரும்பாலும் 3 எச்.பி. வரைதான் கிடைக்கும்.