மொரீஷியஸ்ல இருக்கற யூதக் கல்லறைகளை எப்படிப் பார்க்கறது, பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்றது

ஊர்ல இருந்து சொந்தக்காரங்க வந்தா கங்கா தலாவ், ஷாமரேல், கோர் தெ கார்ட் மலை முருகன் கோயில்னு சுத்திக் காட்டிட்டு ஏர்போர்ட்ல கொண்டு விட்டுடறோம். அடுத்த தடவை ஒரு அரை நாள் செயின்ட் மார்ட்டின் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒதுக்குங்க. ஹிட்லர்கிட்ட இருந்து தப்பிச்சு வந்த யூதங்க இந்தத் தீவுல கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் அடைபட்டுக் கிடந்தாங்க, அதுல 120 பேருக்கு மேல இங்கயே செத்துட்டாங்க, ஆனா அவங்களை அடைச்சு வெச்ச போ பாஸான் ஊர்லயே பொறந்து வளர்ந்த நம்ம ஆளுங்க பல பேருக்கு இது தெரியாது.

கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு வேலை இருக்கு. தப்பிச்சவங்க பேசின வீடியோ ஒண்ணாவது பாருங்க. ஷோவா ஃபவுண்டேஷன்னு அமெரிக்காவுல ஒரு அமைப்பு, 1994ல ஆரம்பிச்சது, 50,000 பேருக்கு மேல பேச வெச்சுப் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. நெட்ல அவங்க தளத்துல மொரீஷியஸ்னு போட்டுத் தேடுங்க. ஒரே மூச்சுல பார்க்காதீங்க, மனசு தாங்காது, அரை மணி நேரம் பார்த்துட்டு எழுந்துடுங்க. கையில ஒரு மேப் வெச்சுக்கிட்டு வியன்னா, டான்யூப் ஆறு, ருமேனியாவுல துல்சா துறைமுகம், ஹைஃபா, போர்ட் லூயிஸ்னு அவங்க சொல்லச் சொல்ல விரல் வெச்சுட்டே வாங்க, அப்பதான் எவ்ளோ தூரம் அலைஞ்சிருக்காங்கன்னு உறைக்கும். தேதி ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன சொன்னா அதை வெச்சு பொய்னு முடிவு கட்டாதீங்க, அம்பது வருஷம் கழிச்சுப் பேசறாங்க. தேதியை புத்தகத்துல சரி பார்த்துக்கலாம், வாசனை, பசி, கூட நின்னவங்க முகம் இதெல்லாம் அவங்க வாயால மட்டும்தான் கிடைக்கும்.

கதை சுருக்கமா இதுதான். 1938 நவம்பர்ல ஜெர்மனி, ஆஸ்திரியாவுல யூதக் கோயில்களைக் கொளுத்தி, ஆம்பளைங்களை ஆயிரக்கணக்குல பிடிச்சு டக்காவ், புக்கன்வால்ட் மாதிரி முகாம்கள்ல அடைச்சாங்க. நாட்டை விட்டுப் போறேன்னு ஒத்துக்கிட்ட பல பேரை வெளிய விட்டாங்க, அப்படி வந்தவங்களும் இந்தக் கூட்டத்துல உண்டு. அட்லாண்டிக்னு ஒரு ஓட்டைக் கப்பல்ல நெருக்கியடிச்சு 1940 நவம்பர்ல பாலஸ்தீனத்து ஹைஃபா துறைமுகம் வந்து சேர்ந்தா, அப்ப அந்த நாட்டை ஆண்ட பிரிட்டிஷ்காரன் உள்ள விடல. வலுக்கட்டாயமா வேற கப்பல்ல ஏத்தி இங்க அனுப்பிட்டான். டிசம்பர் 26ம் தேதி போர்ட் லூயிஸ் வந்து இறங்கினப்ப சுமார் 1,580 பேர். ஐரோப்பாக் குளிருக்குத் தயாராகி வந்தவங்க, நம்ம ஊர் டிசம்பர் வெயில் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஆம்பளைங்க போ பாஸான் ஜெயில் கட்டடத்துல, பொம்பளைங்களும் பிள்ளைங்களும் பக்கத்துல தகரக் கொட்டகையில. புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் தனித்தனிதான், பின்னாடிதான் பார்த்துக்க நேரம் குடுத்தாங்க. டைபாய்டும் மலேரியாவும் நிறைய பேரை கொண்டு போச்சு.

பிள்ளைங்க கண்டிப்பா ஒரு கேள்வி கேக்கும், "பிரிட்டிஷ்காரன் ஹிட்லருக்கு எதிரிதானே, அப்ப ஏன் இவங்களை அடைச்சான்?" மழுப்பாதீங்க. பாலஸ்தீனத்துக்குள்ள அஞ்சு வருஷத்துல 75,000 யூதங்களுக்கு மேல விடக்கூடாதுன்னு 1939லயே சட்டம் போட்டுட்டான், அனுமதி இல்லாம வந்தா இந்த கதின்னு மத்தவங்களுக்கு பயம் காட்டத்தான் இவங்களை இவ்ளோ தூரம் அனுப்பினான்னு நேராவே சொல்லுங்க. அதுக்காக போ பாஸானையும் ஹிட்லர் ஆளுங்க நடத்தின ஆஷ்விட்ஸ் கொலை முகாமையும் ஒண்ணுன்னு சொல்லிடாதீங்க. ஆஷ்விட்ஸ்ல பத்து லட்சம் பேருக்கு மேல கொன்னாங்க, இங்க சாப்பாடு, ஸ்கூல், வழிபாடு, பேண்டு வாத்தியம்கூட இருந்துச்சு. கூட வர்ற பெரியம்மா யாராவது "சோறு போட்டாங்கல்ல, அப்புறம் என்ன"ன்னு சொல்லுவாங்க பாருங்க, அதுவும் தப்பு. குத்தமே பண்ணாம பூட்டின கதவுக்குப் பின்னால அஞ்சு வருஷம், விட்டுட்டு வந்த அப்பா அம்மா உயிரோட இருக்காங்களான்னே தெரியாம. நம்ம பாட்டன் பூட்டன் ஒப்பந்தக் கூலியா கப்பல்ல வந்து போர்ட் லூயிஸ் ஆப்ரவாசி காட் படியேறின கதையோட இதை முடிச்சுப் போடவும் வேணாம், அது வேற பாடு, இது வேற பாடு, ரெண்டையும் தனித்தனியா சொல்ற அளவுக்கு நமக்கு நேரம் இருக்கு.

இப்ப கல்லறைக்கு வரலாம். சனிக்கிழமை போகாதீங்க, அது அவங்க ஓய்வு நாள். பக்கத்துலயே 2014ல திறந்த சின்ன நினைவு மையம் இருக்கு, திறந்திருக்கான்னு முன்னாடியே போன் போட்டுக் கேட்டுக்கோங்க. ஆம்பளைங்க ஒரு தொப்பி எடுத்துக்கோங்க. பூமாலை, ஊதுபத்தி எதுவும் வேண்டாம், யூத வழக்கம் ஒரு சின்னக் கல்லை கல்லறை மேல வெச்சுட்டு வர்றது, அதை பிள்ளைங்க கையால வைக்கச் சொல்லுங்க. பேரு, வயசு, ஊர் இதை நின்னு நிதானமா படிங்க. யூதக் கல்லறைகள்ல ரெண்டு கை விரிச்ச மாதிரி செதுக்கியிருந்தா அது பூசாரி வம்சம். 5701ன்னு வருஷம் இருந்தா மிரளாதீங்க, அவங்க பஞ்சாங்கம் அது, 3760ஐ கழிச்சா 1941. வெளிய வந்ததும் கை கழுவறது அவங்களுக்கும் வழக்கம், அதனால காருல ஒரு பாட்டில் தண்ணி எக்ஸ்ட்ரா வெச்சுக்கோங்க.

மிச்சம் இருந்தவங்க 1945 ஆகஸ்ட்ல கப்பல் ஏறி ஹைஃபாவுக்கே போய் சேர்ந்தாங்க. அந்த ஜெயிலையும் பார்க்கலாமான்னு கேட்டா, உள்ள விடமாட்டாங்க, இன்னிக்கும் அது ஓடற ஜெயில்தான். ரோட்டுல போறப்ப சுவரைக் காட்டிச் சொல்லிக்கோங்க, வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்காதீங்க, காவலுக்கு நிக்கறவங்க வந்து விசாரிப்பாங்க.