காற்றைப் பார்த்துப் போட்ட மொரீஷியஸ் கடலோரப் பயணம்

போன வருடம் ஜூலையில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஆறு இரவுக்கு நான்கு கடலோர ஊர்கள் போட்டிருந்தேன். தினமும் மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே போனது. அதைவிட மோசம் காற்று. கிழக்கே ட்ரூ தோ தூஸில் வராந்தாவில் வைத்த டீ கோப்பைக்குள் மணல் விழுந்தது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் பருவத்தைப் பார்க்காததுதான் காரணம். இங்கே மே முதல் அக்டோபர் வரை குளிர்காலம். தென்கிழக்குக் காற்று நேராகக் கிழக்குக் கரையில் மோதும். நடுவில் மேட்டுநிலமும் மலைகளும் தடுப்பதால் மேற்குக் கரை அடங்கிக் கிடக்கும்.

சரி, இந்த வருடம் இரண்டே இடம் என்று முடிவு செய்தேன். மேற்கே தமரினில் நான்கு இரவு, தென்கிழக்கே மாயேபூரில் இரண்டு. தீவே சுமார் 65 கிலோமீட்டர் நீளம்தான். மற்ற ஊர்களைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். மாயேபூருக்கு ஞாயிறன்றே போய்விட்டோம், திங்கட்கிழமைச் சந்தைக்காக. அங்கே அம்மா முருங்கைக்கீரைக் கட்டை முகர்ந்து பார்த்து வாங்கியபோது முகமே மலர்ந்துவிட்டது.

அப்புறம், பஸ்ஸில் போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள். கரையோர ஊர்களில் மாலைக்குமேல் பஸ் குறைந்துவிடும்.