கடற்கரையில் நோட்டைத் திறக்க அவசரப்படாதீர்கள்

விடுமுறைக்குக் கடலுக்குக் கிளம்பினால் எங்கள் வீட்டில் பெட்டிக்குள் முதலில் ஏறுவது பெயின்ட் டப்பாதான். திரும்பி வரும்போது அதில் பாதி மணல். கரையில் ஒரு பென்சில், சின்ன நோட்டு, தாள் பறக்காமல் இருக்க இரண்டு கிளிப் போதும். வண்ணமெல்லாம் அறைக்கு வந்த பிறகு.

பார்ப்பதற்கு முன்பே வரைய உட்காருவது அதைவிடப் பெரிய தவறு. என் பெண் ஒருமுறை டால்ஃபின் வரைந்தாள். அழகாகத்தான் இருந்தது, ஆனால் வால் மட்டும் மீனுடையது. மீனின் வால் செங்குத்தாக நின்று பக்கவாட்டில் அடிக்கும். டால்ஃபினின் வால் படுக்கைவாட்டில் இருந்து மேலும் கீழுமாக அடிக்கும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. படகில் இருந்த நேரம் முழுக்க எல்லோருமாகச் சேர்ந்து போனை நீட்டிக்கொண்டிருந்தோம். என் லட்சணம் மட்டும் என்ன? நான் வரைந்த நண்டுக்குக் கொடுக்கையும் சேர்த்தே எட்டுக் கால்தான். கொடுக்கு இரண்டு, நடக்கும் கால் எட்டு, ஆகப் பத்து.

நண்டைத் துரத்தாதீர்கள். வளைக்குள் போய்விட்டால் சற்றுத் தள்ளி அசையாமல் உட்காருங்கள். முதலில் காம்பின் மேல் இரண்டு கண்கள் எட்டிப் பார்க்கும். அப்புறம் ஒரு கால். ஆபத்தில்லை என்று பட்டதும் ஒரு வாரி மணலோடு வெளியே வந்து, அதை வீசிவிட்டு மறுபடி உள்ளே போகும். அந்தச் சில நொடிகளில் முழு நண்டு வரைய முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. ஒரே பக்கத்தில் பத்து அரைகுறை நண்டுகள் இருந்தால் அதில் அசைவு தெரியும்.

போஸ் கொடுக்கட்டும் என்று நட்சத்திர மீனைத் தண்ணீரிலிருந்து தூக்குவது கூடவே கூடாது. அது மூச்சுவிடுவதே கடல்நீரிலிருந்துதான். கல்லைப் புரட்டினால் பழையபடியே மெதுவாக வைத்துவிடுங்கள். காலிச் சங்குகளையும் அள்ள வேண்டாம், அங்கேயே வரையுங்கள். வளர வளர வீடு மாற்றும் துறவி நண்டுக்கு அவை தேவைப்படும். கரையில் ஒதுங்கிய ஜெல்லி மீன் செத்துக் கிடந்தாலும் கொட்டும், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

தண்ணீருக்கடியில் எடுத்த படத்தைப் பார்த்து வண்ணம் தீட்டுபவர்களுக்கு ஒன்று: ஆழம் போகப் போக முதலில் காணாமல் போவது சிவப்பு. ஃபிளாஷ் வெளிச்சத்தில் செக்கச்செவேல் என்று தெரிகிற மீன் அங்கே நேரில் சாம்பலாகத்தான் தெரியும். எதை வரையப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஊர் திரும்புவதற்குள் ஆளுக்கொரு படம் முடித்தாக வேண்டும் என்ற கெடுபிடியும் வேண்டாம். ஓவியர் மத்தீஸ் 1930-ல் தஹிதி தீவுக்குப் போய்க் கடலில் நீந்தினார், பார்த்தார், வரைந்தது கொஞ்சம்தான். அங்கே பார்த்த மீனையும் பவளத்தையும் கடற்பாசியையும் வெள்ளைத் தாளில் வெட்டிச் சுவரில் குத்தி வைத்தது 1946-ல்.

என் பையன் அந்த நாலு நாளும் பென்சிலையே தொடவில்லை, வளை பக்கத்தில் குப்புறப் படுத்தே கிடந்தான். ஒரு மாதம் கழித்துக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு நண்டைப் பார்த்தேன். காலை எண்ணினேன், ஒன்பது. கண் மட்டும் சரியாகக் காம்பின் மேல் இருந்தது.