நடைபாதையைக் காக்க மனு எழுதுவது எப்படி

காட்டுப்பாதையில் தகரத் தடுப்பு எழுந்தபின் மனு எழுதினால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும். நடையர் சங்கம் திட்டம் தாளில் இருக்கும்போதே பேசவேண்டும். சிங்கப்பூரில் எந்த நிலம் எதற்கு என்று குறிக்கும் பெருந்திட்டத்தை நகர மறுசீரமைப்பு ஆணையம் ஐந்தாண்டுக்கொரு முறை மறுஆய்வு செய்கிறது. வரைவு பார்வைக்கு வைக்கப்படும் நாள்களில் யாரும் கருத்து எழுதலாம். இணையத்திலுள்ள பெருந்திட்ட வரைபடத்தில் உங்கள் பாதை என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மரங்கள் எவ்வளவு அடர்ந்திருந்தாலும், ‘குடியிருப்பு’ என்று குறித்திருந்தால் என்றாவது வீடு வரும்.

பழைய ரயில் தடத்தைப் பசுமைவழியாகக் காக்கும் யோசனையைச் சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010 அக்டோபரில் முன்வைத்தது. அந்தத் தடத்தில் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது 2011 ஜூன் 30-ல். அந்த எட்டு மாத முந்துதல் பெரிய பலம்.

அடுத்து, நிலம் யார் பொறுப்பில் உள்ளது? இயற்கை வனப்பகுதியும் பூங்காவும் என்றால் தேசியப் பூங்காக் கழகம். அரசு நிலம் என்றால் பெரும்பாலும் சிங்கப்பூர் நில ஆணையம். தவறான அலுவலகத்துக்குப் போன கடிதம் கைமாறிக் கைமாறியே வாரங்களைத் தின்னும். பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சங்கமாக இயங்கினால், முதலில் சங்கப் பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஆதாரம் திரட்டுவதில்தான் அதிக உழைப்பைப் போடவேண்டும். சனிக்கிழமை காலை 7 முதல் 8 வரை, வார நாளில் மாலை ஒரு மணி நேரம், ஒரே இடத்தில் நின்று கடப்போரை எண்ணுங்கள்: முதியோர், பிள்ளைகள், ஓடுவோர் எனத் தனித்தனியாக. நான்கு வாரமாவது செய்யுங்கள். ஒரு நாள் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள். பாதையின் குறுக்கே அளவுநாடாவை விரித்து, மாதந்தோறும் அதே இடத்தில் படமெடுங்கள். மழை பெய்ததும் சேறு தேங்கும், ஆள்கள் ஒதுங்கி நடப்பார்கள், ஒரு மீட்டர்ப் பாதை மூன்று மீட்டராக விரியும், மர வேர்கள் வெளியே தெரியும். நடப்பவர்களால் காடு கெடுகிறது என்று பாதையை மூடவே இது காரணமாகிவிடலாம். ஆகவே “பாதையைச் சீராக்குங்கள்” என்று பொதுவாகக் கேட்காமல், எந்த இடத்தில் வடிகால் வேண்டும், எத்தனை மீட்டருக்குப் பலகைப்பாதை வேண்டும் என்று கேளுங்கள்.

படத்துக்காகக் குறித்த பாதையை விட்டு இறங்கவேண்டாம். இயற்கை வனப்பகுதியில் அதற்கு 2,000 வெள்ளி வரை அபராதம் உண்டு; மனுவின் நம்பகமும் போய்விடும். எறும்புண்ணி போன்ற அரிய உயிரைக் கண்டால் இடத்தைப் பொதுவில் போடாமல் அதிகாரிகளிடம் மட்டும் சொல்லுங்கள்.

மனு ஒரே பக்கம், ஒரே கோரிக்கை, ஒரு மாற்றுவழி. எண்களும் படங்களும் இணைப்பில். நூறு பேர் ஒரே வாசகத்தை அனுப்பினால் ஒரு கடிதமாகத்தான் படிப்பார்கள். 1992-ல் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கக் காட்டில் குழிப்பந்துத் திடல் அமைக்கும் திட்டத்தை எதிர்த்தபோது, 17,000-க்கு மேற்பட்ட கையெழுத்துகளோடு இயற்கைச் சங்கமே தயாரித்த சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையும் இருந்தது. திட்டம் நின்றது. முழு வெற்றி எப்போதும் கிடைக்காது: டோவர் காட்டில் 2021-ல் கிழக்குப் பாதி வீடுகளுக்குப் போனது, மேற்குப் பாதி குறித்த முடிவு ஏறத்தாழப் பத்தாண்டு தள்ளிவைக்கப்பட்டது. எந்தப் பகுதியை எக்காரணத்துக்கும் விடக்கூடாது என்பதைச் சங்கத்துக்குள் முன்பே முடிவுசெய்து வையுங்கள்.

அதே பக்கத்தைத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கும் கொண்டுபோங்கள். பதிலில் வரும் குறிப்பு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். மூன்று வாரமாகியும் தகவல் இல்லையென்றால் அந்த எண்ணைச் சொல்லியே நினைவூட்டுங்கள்.